நான் கை தூக்கியதும் நின்றவருக்கு

ஏனுங்க,

உங்கள் காக்கிச் சட்டையை இப்போதுதான் அலசிக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் பக்கெட்டில் அந்தச் சாம்பல் நிறக் கலங்கல் போகிற வழியாக இல்லை. துளைக்குள் கலக்கி விடுகிற பென்டோனைட் மண்ணுக்கென்று ஒரு வாசனை உண்டே, ஈரக் களிமண்ணும் புதுச் சிமெண்டும் கலந்த மாதிரி, அது பாத்ரூம் முழுக்க நிறைந்துவிட்டது. இந்த வாசனைக்காக உங்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன். "ஊட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கழட்டிப்போட்டு வாங்க" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்று அதே சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு நானே வேலைக்குப் போனேன், கழற்றாமல் நேராக உள்ளே வந்தேன். கேட்க ஆளில்லை.

ஆமாங்க, வேலைக்குப் போனேன். நீங்கள் போனபிறகு இன்றுதான் முதல் தடவை.

இத்தனை மாதமும், ரோட்டுக்கு அடியில் துளை போடுகிற நம் மெஷின் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. உங்கள் அண்ணன் இரண்டு தடவை ஆள் கூட்டிவந்து காட்டினார். வந்தவர்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, ராடுகளைத் தட்டிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். விற்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ரோட்டில் நின்று கையைத் தூக்கி "நிறுத்து" என்று சொல்ல என்னால் முடியாது என்று பட்டது. அந்தச் சொல்லை அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத கதை அது, அதனால் சொல்கிறேன். ஷெட்டில் நீங்கள் மயங்கி விழுந்ததும் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மூச்சு உங்களுடையது இல்லை, மெஷின் விடுகிற மூச்சு என்றார்கள். நாட்கள் போயின. ஒரு காலையில் டாக்டர் எங்களை உட்காரவைத்து, இனி திரும்ப வழியில்லை, வீட்டுக்காரர்கள் பேசி முடிவு சொல்லுங்கள் என்றார். உங்கள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நம் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நிறுத்திப்போடுங்க" என்று சொன்னது நான்தான்.

காரியமெல்லாம் முடிந்து ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் அண்ணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "இன்னும் ரெண்டு நாள் பாத்திருக்கலாம். அவ அவசரப்பட்டுட்டா." கெட்ட மனதோடு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த வார்த்தை என்னோடு ஒட்டிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். அவசரப்பட்டுவிட்டேனா? எனக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று நமக்குத் தெரியாதா? வேலம்பாளையத்து ரோட்டில் நான் உங்களை நிறுத்தின கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

அந்தக் கதையைத்தான் இன்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் உங்கள் காலைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதானே ஆரம்பித்தது. நீங்கள் அப்போது டி.வி.எஸ். வண்டியில் நூல் மூட்டை கட்டிக்கொண்டு நிட்டிங் கம்பெனிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். யாரோ பைப் புதைக்க ரோட்டைக் குறுக்கே வெட்டிவிட்டு, மேலாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்து மண் உள்ளே இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் நின்றதால் குழி தெரியவில்லை. வண்டியும் நூல் மூட்டையும் ஒரு பக்கம் கிடக்க நீங்கள் ஒரு பக்கம் கிடந்தீர்கள். காலில் பிளேட் வைத்தார்கள், அதற்குப்பிறகு அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது.

வலியைவிட உங்களுக்குக் கோபம்தான் அதிகம். படுத்துக்கொண்டே, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் குழியைத் திட்டினீர்கள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுச் சீக்கிரம் எழுந்து போக ஆரம்பித்தார்கள். பிறகு ஒருநாள் காலைக் காட்டக் கோயமுத்தூர் போன இடத்தில், அவினாசி ரோட்டோரம் ஒரு மெஷின் சாய்வாகப் பூமிக்குள் ராடை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தீர்கள். டாக்டரிடம் போகவேண்டிய நேரம் தவறிவிட்டது என்று நான் இழுக்க, நீங்கள் ஊன்றுகோலோடு அங்கேயே நின்றுவிட்டீர்கள். இந்தப் பக்கம் உள்ளே போன ராடு, மேலே பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மண்ணைக் கிளப்பிக்கொண்டு தலையை நீட்டியது. "அம்மிணி, பாத்தியா? ரோட்டுல ஒரு கீறல் இல்ல" என்றீர்கள். முதலிரவில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை என்று பிறகு கேலி செய்திருக்கிறேன்.

அந்த ஆட்களோடு சுற்றி வேலை கற்று, பிறகு ஒரு பழைய மெஷினை வாங்கி வந்து நிறுத்தியபோது, லொகேட்டர் பிடிக்கிற ஆள் ஒருவரும் நிலைக்கவில்லை. பூமிக்குள் துளைமுனை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று மேலே நடந்துகொண்டே பார்த்துச் சொல்லவேண்டிய வேலை. உங்கள் காலை வைத்துக்கொண்டு நேராக நடக்க முடியாது, கருவி சாய்ந்துவிடும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நீ வர்றியா?" என்று கேட்டீர்கள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில், துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் இருந்தேன். "எனக்கென்னங்க தெரியும்?" என்றேன். "ஊசி ஓட்டையக் கண்டுபுடிக்கிற கண்ணு போதும்" என்றீர்கள்.

செக்கிங்கில் என் கண் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அங்கே என் பேச்சுக்கு யாரும் நின்றதில்லை. லைனில் வரிசையாக ஊசி ஓட்டை வருகிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொன்னால், "ஷிப்மெண்ட் போகோணும்ங்க, பாஸ் பண்ணி விடுங்க" என்பார் இன்சார்ஜ். பாஸ் பண்ணுவேன். பிறகு பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும், அப்போது செக்கிங்கில் யார் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொறந்த ஊட்டிலும் அப்படித்தான், அப்பா எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொல்வார். ஒரு சொல் சொன்னால் எதிரே ஒரு வேலை நிற்கும் என்பதை நான் உங்களிடம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

நம் வேலைமுறை உங்களுக்கு நினைவிருக்கும், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் ரோட்டோரக் குழிக்குப் பக்கத்தில் லீவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். நான் ரோட்டின் குறுக்கே கருவியோடு நடப்பேன். துளைமுனை இருக்கும் இடத்தில் தாரின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ஆழத்தை எழுதுவேன். மற்றவர்கள் பெயிண்ட் அடிப்பார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "பெயிண்ட் வெச்சா மாசக்கணக்குல நிக்கும். நாம வந்து போனதுக்கு ரோட்டுல ஒரு அடையாளம் இருக்கக்கூடாது." அதனால் கட்டிங் டேபிளில் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு மழை வந்தால் போய்விடும். பஸ் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, போனும் எடுபடாது. நான் கையை உயரத் தூக்கினால் நீங்கள் நிறுத்தவேண்டும், அவ்வளவுதான் நமக்குள் ஒப்பந்தம்.

வேலைக்கு முந்தின நாள் நீங்கள் செய்கிற சடங்குதான் எனக்கு எப்போதும் சிரிப்பு. ரோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு ஊடாக ஏறி இறங்குவீர்கள். நம் ஊரில் அனுமதி இல்லாமல் ரோட்டுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் கொண்டுபோகாதவர்கள் யார்? கிணறு இந்தப் பக்கம் இருக்கும், யூனிட் அந்தப் பக்கம் இருக்கும். எந்த வரைபடத்திலும் அந்தக் குழாய் இருக்காது. "உங்க பைப்பு ஏதாச்சும் அடியில போகுதுங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி, "இல்லீங்களே" என்பார்கள். நீங்கள் மேலே எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். வெளியே வந்ததும் என்னிடம் கணக்குச் சொல்வீர்கள். "வந்தவங்களுக்கு ஒரு காபி குடுக்கறது மரியாதை. கேக்காமயே ரெண்டாவது காபி வந்துச்சுன்னா, அந்த ஊட்டுக்குப் பைப்பு இருக்குது."

முக்கால்வாசி சரியாகவே இருக்கும், அதுதான் ஆச்சரியம்.

வேலம்பாளையத்தில் அன்று ரோடு புதிதாகப் போட்டு அதிக நாள் ஆகவில்லை. வருஷக்கணக்காகப் புழுதி தின்ற ஜனங்கள், கறுப்பாகப் பளபளவென்று கிடந்த அந்த ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் குடிதண்ணீர்க் குழாய் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் முழுக்க கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் காலனி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற காலனி. ரோட்டை வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அடியில் துளை போட்டுக் கொண்டுபோகலாம், ரோட்டில் ஒரு விரிசல் விழுந்தாலும் வேலை ரத்து, காலனிக்குத் தண்ணீர் இனி எப்போதோ என்றார்கள். காலனியில் முன்னின்று அலைந்தது மரியக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தவர். நம் மெஷின் வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏண்ணே, இத்தினிக்காண்டு மிஷினு ரோட்டுக்கு அடியிலயா போவப்போவுது? வெளையாடுதியளோ?" என்று கேட்டார். நீங்கள் ரோஷத்தில் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

மெஷின் நின்ற பக்கம் ஒரு பெரிய ஊடு, எதிர்ப்பக்கம் அவர்களுடைய பிரிண்டிங் யூனிட். அந்த ஊட்டு அம்மா நம்மைத் தின்பண்டத்தோடு வரவேற்றார். "பைப்பெல்லாம் இல்லீங் கண்ணு" என்றார். முதல் காபி வந்தது. இரண்டாவது காபி வந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தோசை வந்தது, அதன்மேல் ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு உருண்டை உருகிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே வந்து கேட்டைச் சாத்தியதும், "வெண்ணெய் வரைக்கும் போயிட்டாங்க அம்மிணி. இது சின்னப் பைப்பு இல்ல" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தண்ணீர் நிறைந்த குழாயைத் துளைமுனை குத்திக் கிழித்தால், அந்தத் தண்ணீர் புது ரோட்டை அடியிலிருந்து அரித்துத் தூக்கிவிடும் என்பது எனக்குச் சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுபடி உள்ளே போய், "யாருகிட்டயும் சொல்ல மாட்டோமுங்க, ஆழம் மட்டும் சொல்லுங்க போதும்" என்று கெஞ்சினீர்கள். அந்த அம்மா, "இருந்தாச் சொல்லமாட்டனுங்களா?" என்றார். அவருக்கு அவர் பயம். தெரிந்தால் குழாயை வெட்டிவிடுவார்கள், யூனிட் நின்றுபோகும். வேறு வழியில்லாமல் நீங்களே ஒரு ஆழத்தை யூகம் செய்துகொண்டு மறுநாள் காலை ஆரம்பித்தீர்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கத்து வண்டிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்துவதும் விடுவதுமாக ஆட்கள் கொடி பிடித்து நின்றார்கள். நான் கருவியின் திரையைப் பார்த்துப் பார்த்துக் குறி போட்டுக்கொண்டே ரோட்டின் நடுவுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு முன்னால் தாரில் ஈரம் தெரிந்தது. கைக்குட்டை அகலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது. துளைக்குள் நாம் விடுகிற மண்கரைசல் மேலே பீய்ச்சிக்கொண்டு வருகிறது, ரோடு உப்பப்போகிறது என்று நினைத்தேன். கையைத் தூக்கினேன்.

மெஷின் நின்றது. கை இறங்குவதற்குள் நின்றது.

கான்ட்ராக்டரின் ஆள் ஓடி வந்தார். குனிந்து ஈரத்தைத் தொட்டார், முகர்ந்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெறும் தண்ணீர். சற்று முன் அங்கே தடுத்து நிறுத்தியிருந்த தண்ணீர் லாரி ஒன்றின் குழாய் ஒழுகியிருக்கிறது. லாரி போய்விட்டது, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. தார் சரிவில் தண்ணீர் மெல்லப் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். கொடி பிடித்த ஆட்கள் சிரித்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் ஹாரனை அழுத்திக்கொண்டே சிரித்தார். எனக்கு அந்தத் தாருக்குள்ளேயே புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எதுக்குங்க நிறுத்துனீங்க? சுத்தி வண்டி நிக்குது, பாக்கலியா?" என்று கான்ட்ராக்டரின் ஆள் உங்களிடம் சத்தம் போட்டார். நீங்கள் லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "அவ நிறுத்தச் சொன்னா, நிறுத்திப்போட்டனுங்க" என்றீர்கள். "அது லாரித் தண்ணிங்க!" என்றார் அவர். "இருக்கட்டுமுங்க. அவ பாத்துட்டுச் சொல்லட்டும், அப்புறம் எடுக்கலாம்." அவர் தலையில் அடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தானே அந்தப் பெரிய ஊட்டு கேட் திறந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மா வேகுவேகென்று வந்தார், முகம் வெளுத்திருந்தது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரோட்டின் நடுவில் மெஷின் நின்றதும், தன் குழாயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். உங்கள் பக்கத்தில் குனிந்து, "சாமி, அது எங்க பைப்புதானுங்க. இல்லைன்னு சொன்னது தப்புதானுங்க. ஊரக் கூட்டிப்போடாதீங்க" என்றார்.

அப்போது உங்கள் முகம் இருந்ததே! ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை. ஏதோ எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டி, "அதுக்குத்தானுங்கம்மா நிறுத்தியிருக்கறோம். உங்க வாயாலயே சொல்லோணும்னு இருந்தேன். எவ்வளவு ஆழமுங்க?" என்று கேட்டீர்கள். நான் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டேன். அந்த அம்மா ஆழத்தைச் சொன்னார், எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தையும் என் கடைசிக் குறியையும் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. துளைமுனைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு ராடு நீளம்கூட இல்லை. ஆழமும் அதே ஆழம். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் நேராகப் போய் இடித்திருக்கும்.

நீங்கள் அந்த அம்மாவிடம் வால்வை மூடச் சொல்லி அனுப்பினீர்கள். ராடுகளைப் பின்னால் இழுத்து, முனையைக் கீழே திருப்பி, குழாய்க்கு நல்ல இடைவெளி விட்டு அடியில் கொண்டுபோனீர்கள். திரும்பி வந்த கான்ட்ராக்டர் ஆள், என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "கல்லு மாதிரி தெரிஞ்சுதுங்க, கீழ எறக்கிட்டேன்" என்றீர்கள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் நீங்கள், காது சிவந்துவிட்டது. நல்லவேளை அவர் உங்கள் காதைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினீர்கள். இந்த மடலிலும் நான் அவர் பேரை எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் காலனிப் பக்கத்துக் குழியில் துளைமுனை சேற்றோடு எட்டிப் பார்த்தபோது குழந்தைகள் கத்தின கத்தல்! மறுநாள் துளையைப் பெரிதாக்கிக்கொண்டே நீலக்கோடு போட்ட கறுப்புப் பைப்பை இழுத்து முடித்தோம். மரியக்கா பைப்பைப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு வந்து, இப்படியும் அப்படியும் நடந்து, குனிந்து தாரைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணுமே நடக்காத மாரில்லா கெடக்கு ரோடு!" என்றார். உங்கள் வாழ்நாளில் யாரும் உங்களை அவ்வளவு பாராட்டியதில்லை. எத்தனை மாதம் அதைத் தூத்துக்குடி ராகத்திலேயே சொல்லிக்காட்டி என் உயிரை வாங்கினீர்கள்.

முதல் நாள் வண்டியில் திரும்பி வரும்போது நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். குழாய் தப்பியது என் சாமர்த்தியம் இல்லை, அது எனக்குத் தெரியும். "லாரித் தண்ணியப் பாத்து நிறுத்திட்டனுங்க. அத்தன பேரு முன்னால உங்களுக்கு அசிங்கம்" என்றேன். "அத நான் கேட்டனா?" என்றீர்கள். கொஞ்ச தூரம் போனபிறகு நீங்களாகவே சொன்னீர்கள். "நீ கை தூக்கறப்ப எதுக்குன்னு நான் யோசிக்க ஆரம்பிச்சன்னா, கை லீவர்லயேதான் இருக்கும் அம்மிணி. தப்பா நிறுத்துனா ஒரு டீ குடிச்சுட்டு மறுபடி எடுத்துக்கலாம்." வண்டிச் சத்தத்தில் நான் அழுதது உங்களுக்குக் கேட்டிருக்காது. செக்கிங்கில் இருந்த அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நிறுத்தச் சொன்ன பிறகு இந்தப் பேச்சுத்தான் என்னைக் குத்தியது. ரோட்டில் தப்பாக நிறுத்தினால் டீ குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அங்கே என்ன செய்வது? அண்ணி சொன்னது போல இன்னும் இரண்டு நாள் பார்த்திருந்தால்? அதுவும் ஒரு லாரித் தண்ணீராக இருந்திருந்தால்? டாக்டர் பொறுமையாகப் படமெல்லாம் காட்டி விளக்கினார், பையன் ஆயிரம் தடவை சொன்னான், புத்திக்குப் புரிந்தது. ஆனால் கை கனத்துப்போய்விட்டது. அதனால்தான் மெஷினும் ஷெட்டிலேயே கிடந்தது.

நம்மிடம் மண்கரைசல் கலக்கிக்கொண்டிருந்த பீகார் பையன் சுனில், இத்தனை நாளும் வேறு இடத்துக்குப் போகாமல் போன் பண்ணிக்கொண்டே இருந்தான். பையன் என்றா சொன்னேன், இப்போது இரண்டு குழந்தைக்கு அப்பா. போன வாரம் நேரில் வந்துவிட்டான். பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை இருக்கிறது, லீவரை அவன் பார்த்துக்கொள்கிறான், நான் மேலே நடந்தால் போதும் என்றான். சரி என்றேன். இன்று காலை உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.

பாதி ரோட்டில் திரையில் ஆழம் சட்டென்று தாறுமாறாகக் காட்டியது. நிறுத்தவேண்டும். கை எழவில்லை. நிஜமாகவே எழவில்லைங்க, தோளோடு கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. பஸ் ஒன்று ஒட்டி உரசிக்கொண்டு போனது. எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை, தூக்கிவிட்டேன். மெஷின் நின்றது. நானே பதறிப்போய் ஓடினேன். "எதுக்கு நிறுத்தச் சொன்னேன்னு கேளேன்டா" என்றேன். சுனில் லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பையா போலா தா, அக்கா" என்றான், அண்ணன் சொல்லியிருக்கிறார் என்று. "அக்கா கை மேலே, மெஷின் பந்த். கேள்வி நஹீ." எப்போதோ அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் சொன்னதே இல்லை.

தலைக்கு மேலே போன மின்கம்பியின் வேலை அது. கருவி குழம்பியிருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை. தப்பாகத்தான் நிறுத்தியிருக்கிறேன். உட்கார்ந்து டீ குடித்தோம். மறுபடி எடுத்தோம். பைப் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் அந்த ரோட்டைத் தாண்டிப் போனார்கள்.

டீ குடிக்கும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இத்தனை மாதம் நான் சொன்ன சொல்லையே நினைத்துக்கொண்டிருந்ததில், அதற்குப்பிறகு நடந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை. மூச்சுக் குழாயை எடுத்தபிறகு உயிர் பிரியச் சிலருக்கு மணிக்கணக்காக, சிலருக்கு ஒரு பகல் முழுக்கவும் ஆகலாம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்குள் உங்கள் மூச்சு அடங்கிவிட்டது. நீங்கள் இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. தவிக்கவில்லை. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் சொன்னேன், நீங்கள் நின்றுவிட்டீர்கள். நன்றிங்க.